நான்கு சக்கரத்துக்கும் பிரேக்

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த கஸ்தூரியம்மாளிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டிச் சலித்து விற்றுவிட்டுப் போனது. பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். குமுளி மலையில் இறங்கும்போது பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் சற்றுக் குறையுமே தவிர வண்டி நிற்காது. அதனால் டிரைவர் கருத்தக்கண்ணனோடு முட்டுக்கட்டை போட ஓர் ஆள் போயாக வேண்டும். அந்த ஆள் அவன் மனைவி பொன்னாத்தாள்.

பின்னால் மூட்டைகள்மேல் கட்டையோடு உட்கார்ந்திருப்பாள். வளைவு வந்தால் குதித்திறங்கிச் சக்கரத்தை ஒட்டியே நடப்பாள். அவன் கத்தியதும் கட்டையைச் சொருகுவாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே வண்டியில்தான் மலையேறி இறங்கினார்கள். ஆனாலும் வழியில் அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. இடையில் பலகைத் தடுப்பு. வீட்டுக்கு வந்தாலோ, கஞ்சியைக் குடித்த கையோடு அவள் தூங்கிப்போவாள். பக்கத்து சீட்டு காலியாகக் குலுங்கும்போதெல்லாம் அவள் இங்கே உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டு வரமாட்டாளா என்று அவன் மனம் ஏங்கும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், மதுரைப் பழைய இரும்புக் கடை ஒன்றில் பிரேக் வைத்த முன்சக்கர அச்சு கிடைத்தது. கஸ்தூரியம்மாளைச் சம்மதிக்க வைத்து வாங்கி வந்தான். அச்சை மாற்றி, புதுப் பிரேக் பட்டைகளைச் செம்பு ஆணியால் அறைந்து, கம்பிகளை நீட்டி பிரேக் மிதியோடு இணைத்தான். கடைசி வேலைதான் பெரிது. நான்கும் ஒரே அளவாகப் பிடிக்க வேண்டும். ஒரு முன்சக்கரம் கூடுதலாகப் பிடித்தால் வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்துவிடும்.

வண்டியைக் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தி, மிதி பாதி அழுந்தும்படி ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தான். பொன்னாத்தாள் சக்கரம் சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்தாள். அவன் வண்டிக்கடியில் படுத்து மரையைத் திருகினான்.

"இது லேசாச் சுத்துது. அது நகரமாட்டேங்குது, உங்க ஆத்தா மாதிரி."

"அவுகள எதுக்கு இழுக்க? இப்பச் சுத்து."

"இப்பவும் லேசுதான்."

பொழுது சாய்வதற்குள் நான்கும் அவள் கைக்கு ஒன்றுபோல் கனத்தன.

மறுநாள் வெள்ளோட்டம். குமுளியிலிருந்து இறங்கும்போது, "முன்னால வந்து உக்காரு புள்ள" என்றான். கூசிக்கொண்டே ஏறினாள். முதல் வளைவில் வண்டி நேராக நின்றது. அவள் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"இங்கனயிருந்து பாத்தா கீழ கூடலூரே தெரியுதே! இத்தன நாளும் நீங்க மட்டும் பாத்துக்கிட்டு வந்தீகளாக்கும்?"

"நான் எங்க பாத்தேன்? என் கண்ணெல்லாம் ரோட்டுலதான்."

மலையடிவாரம் வரை பேசிக்கொண்டே வந்தாள். வண்டி இன்னும் மெதுவாகப் போகக்கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

கம்பத்துக்கு வந்ததும் கஸ்தூரியம்மாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "பிரேக்குத்தான் பிடிக்குதே. இனிமே கட்டை எதுக்கு, கட்டை போட ஆளு எதுக்கு? அந்த எடத்துல ஒரு மூட்டை ஏத்தலாம்ப்பா."

"அவளும் கூட வரட்டும்மா. சும்மாதான்."

"சும்மா வர்றதுக்கு இது என்ன பொண்ணு மாப்பிள்ளை வண்டியா?"

பக்கத்தில் நின்ற அவள் கணக்குப்பிள்ளை சிரித்தார். கருத்தக்கண்ணன் தலை குனிந்துகொண்டான்.

பொன்னாத்தாள் கூடலூர்ப் பக்கம் களையெடுக்கப் போனாள். முன்சீட்டில் ஏலக்காய் மூட்டை ஏறியது. வளைவுகளில் அது அவன்மேல் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் முழங்கையால் தள்ளிவிட்டான்.

ஒருநாள் மலையிறங்கி வந்தவன், ரோட்டோர வயலில் குனிந்திருந்த பெண்களுக்கிடையில் அவள் முதுகை அடையாளம் கண்டுகொண்டான். கால் தானாக மிதியை அழுத்தியது. நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து வண்டி நின்றது. பெண்கள் நிமிர்ந்தார்கள். அவள் சேற்றுக்கையோடு வரப்புக்கு வந்தாள்.

"என்னாச்சு? எதுக்கு நிப்பாட்டுனீக?"

"பிரேக்கு பிடிக்குதான்னு பாத்தேன்."

"அடியே பொன்னாத்தா, நாளைக்கும் வந்து பாக்கச் சொல்லு!" என்று வயலுக்குள்ளிருந்து ஒருத்தி கத்தினாள். சிரிப்பு எழுந்தது. பொன்னாத்தாளும் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பின்னால் பஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்தது.

"போங்க, வழிய மறிச்சுக்கிட்டு" என்றாள். ஆனால் வரப்பிலேயே நின்றாள். அவன் வண்டியை எடுத்தான். ரோடு திரும்பும் வரை எட்டிப் பார்த்துக்கொண்டே போனான்.