மெரேவாய் தட்டிய கை

மெரேவாய் பதினொரு வருடம் உல்லாசக் கப்பலில் அறை துடைத்தவள். ஃபிஜியில் ரேவா ஆற்றங்கரைக்காரி; நானும் அந்தப் பக்கம்தான். கப்பலின் அடித்தளத்தில் ஒரே அறையில் அவள் மேல்கட்டில், நான் கீழ்க்கட்டில். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அந்த வாரம் வரை.

செவ்வாய்க்கிழமை அவள் அப்பா இறந்த செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை அடக்கம். வியாழன் காலை எங்கள் துறைமுகமான சுவாவில் இறங்கிவிடலாம் என்றிருந்தாள். புதன் விடியும்போது எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. தீயோடு மின்சாரமும் அணைந்து, நடுக்கடலில் ஆடிக்கொண்டு கிடந்தோம். இழுத்துப்போகும் படகு வர நாலு நாளாகும் என்றார்கள்.

கக்கூஸ் வேலை செய்யவில்லை. பயணிகள் சிவப்புப் பையில் போனதை அறை அறையாக வாங்கிச் சுமந்தவள் மெரேவாய்தான். பயணிகளுக்கு சாட்டிலைட் போனில் ஆளுக்கு மூன்று நிமிடம் இலவசம். எங்களுக்குக் கிடையாது. பயணி ஒருத்தி தன் பூனை சாப்பிட்டதா என்று மூன்று நிமிடமும் விசாரித்தாள்.

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா அண்ணன் அடக்கத்தைத் தள்ளி வைப்பான். சொல்லலேன்னா, கப்பல்காரன் விடலைன்னு நெனச்சுப் பொதைச்சிடுவாங்கடி" என்றாள் மெரேவாய்.

"போய் மேனேஜர்கிட்ட சத்தம் போட்டுக் கேளு."

"பெரியவங்ககிட்ட அப்படியாடி கேக்கறது?"

ஆஸ்திரேலியக்காரனான அந்த மேனேஜரைப் பார்க்கவே வெள்ளிக்கிழமை மதியம்தான் விட்டார்கள். துணைக்கு நானும் போனேன். மெரேவாய், பெரியவரிடம் ஒன்று கேட்கும் எங்கள் ஊர் முறைப்படி, அவன் அறைத் தரையில் உட்கார்ந்து, தலைகுனிந்து, கைகளைக் குவித்து மெல்ல மூன்று முறை தட்டினாள். எங்கள் தலைவர்களில் எவராயிருந்தாலும், என்னம்மா வேணும் என்று கேட்டிருப்பார். இந்த ஆஸ்திரேலியன் சிரித்தான். கூடவே கைதட்டினான்.

"பிரமாதம்! மேல்தளத்துல எல்லாரும் கடுப்புல இருக்காங்க. அங்க போய் இதைச் செஞ்சு காட்டேன்!"

மெரேவாய் எழுந்தாள். வரும் வழியில் வாங்கி வாசலில் வைத்திருந்த இரண்டு சிவப்புப் பைகளையும் எடுத்துவந்து அவன் மேசையில், காகிதங்களின் மேல் வைத்தாள்.

"எங்கப்பா செத்துட்டாரு. போனைக் குடு!"

மூக்கைப் பொத்திக்கொண்டே கொடுத்தான்.

அண்ணன் குரல் எனக்கும் கேட்டது. "இப்பத்தான் மண்ணு போட்டுட்டு வர்றோம், மெரே. நேத்தெல்லாம் உன் போனுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."

அவள் போனை மேசையில் வைத்தாள். அழவில்லை. மேனேஜர் பைகளைக் காட்டி ஏதோ சொல்ல வந்தான்.

"நீயே தூக்கிட்டுப் போ" என்றாள்.