பூனைக்குப் பூக்கட்டிப் பார்த்தது

"சாமியே சொல்லிட்டாரு" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். சொன்னது சாமியா ஆசாமியா என்று கேட்காமல் விடமாட்டேன். என் மாமியார் வீட்டில் இதற்காகவே எனக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டும். இந்த வாய் எனக்கு ஒன்பது வயதில், ஒரு பூனைக்குட்டியால் வந்தது.

சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் ஓயாத தெரு ஒன்றில் எங்கள் வீடு. முன்கட்டில் நான்கு விசைத்தறிகள், பின்கட்டில் நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, நான். தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்க நூலைச் சின்னக் கட்டையில் சுற்றித் தர வேண்டும். தார் சுற்றுவது என்பார்கள். நான்கு தறிக்கும் அத்தை ஒருத்திதான் சுற்றினாள். காலையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள்.

அடுத்த தெரு டீச்சர் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருந்தது. மூன்றுக்கு ஆள் வந்துவிட்டது. மிச்சம் ஒரு சாம்பல் குட்டி. பள்ளிக்கூடம் விட்டு நான் போனால் என் பாவாடை நுனியைப் பிடித்துத் தொங்கும். அது எனக்கென்றே பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டீச்சர் கறாரானவர். "வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உங்க வீட்ல சரின்னு சொல்லலன்னா திருவேங்கடத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் கேட்டேன். பாவு நூலை நகத்தால் இழுத்துவிடும், சேலையில் முடி ஒட்டும், காலையில் கிளம்பும்போது குறுக்கே ஓடும் என்று அம்மா அடுக்கினாள். அம்மாவோடு சண்டை போடலாம், பதிலுக்குப் பதில் பேசலாம். அப்பாவோடு அது முடியாது. அவருக்கு வேண்டாம் என்ற சொல் வாயில் வராது. கடன் கேட்டு வருகிறவனிடமும் வராது, பெற்ற மகளிடமும் வராது. "பாப்போம் மக்கா" என்பார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பார்ப்போமிலேயே போயின. வியாழக்கிழமை நான் தட்டைத் தள்ளிவைத்து, பூனை வந்தால்தான் சோறு என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நாளைக்குக் கோமதியம்மாகிட்டயே கேட்டுருவோம்" என்றார்.

கோமதியம்மா எங்கள் ஊர் அம்மன். கேட்பது என்றால் எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் ஒரே மாதிரி மடித்து அம்மன் படத்தின் முன் போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கள்ளம் தெரியாத கை வேண்டும் என்பதால் எடுப்பது எப்போதும் நான்தான். தண்ணீருக்குப் போர் போடவும் மாடி எடுக்கவும் என் கையைத்தான் கேட்டார்கள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. எடுக்காத பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக்கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமாம். அதை அப்படியே கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஓட்டமாக வந்தேன். அப்பா காலண்டர் தாளில் இரண்டு பொட்டலம் மடித்து, மேலே கோவில் புற்றுமண்ணைத் தொட்டு வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, பூனை, பூனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தேன். பிரித்தால் செவ்வரளி.

"அம்மனே சொல்லிட்டா. நாம என்ன செய்ய முடியும் மக்கா" என்றார் அப்பா. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சப் பொட்டலத்தை அவர் எடுக்கக் குனிவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

"ஏட்டி, குடு. அதப் பிரிக்கப்பிடாது. சாமி குத்தம்" என்று அம்மா பதறினாள்.

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே பிரித்தேன். எதற்காகப் பிரித்தேன் என்று எனக்கே தெரியாது. வெள்ளைப் பூவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். உள்ளே இன்னொரு செவ்வரளி இருந்தது.

"வெள்ளப்பூ கெடச்சிருக்காது" என்று அம்மா முனகினாள். வாசலில் நந்தியாவட்டை வெள்ளையாகப் பூத்துக் கொட்டிக் கிடந்தது.

"அப்பா, நீங்க கள்ளாட்டம் ஆடிட்டீய" என்றேன். அப்பா தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் முன்கட்டில் தார் இயந்திரம் நின்றது. தலையெல்லாம் நூல்தூசியோடு அத்தை வந்து என் கையிலிருந்த இரண்டு பூக்களையும் வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணே, சித்திரையில எனக்குக் கட்டினதும் இப்பிடித்தானா?"

சித்திரையில் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒருவர் அத்தையைப் பெண் கேட்டு வந்தார். பெரியவர்களைக் கூட்டிவராமல் தானே பைக்கில் வந்து கேட்டார். அத்தைக்குப் பிடித்திருந்தது. அப்பா பூக்கட்டினார், நான் எடுத்தேன், சிவப்பு வந்தது. அவர் போய்விட்டார். அப்பாவுக்கு அவரை ஏன் பிடிக்கவில்லை என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. அத்தை போய்விட்டால் நான்கு தறிக்கும் தார் சுற்ற ஆள் கிடையாது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது? என் பூனைக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் பழைய கதை பேசுகிறார்களே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அத்த, அது முடிஞ்சு போச்சு. இப்ப பூனைக்கு ஒரு வழி சொல்லுங்க" என்று காலை உதைத்தேன்.

அத்தை அப்பாவைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள். "போ. போய்த் தூக்கிட்டு வா. யாரு கேட்டாலும் அத்த சொன்னான்னு சொல்லு."

"நாம பொறவு பேசுவோம்" என்றார் அப்பா.

"பேச என்ன இருக்கு? எனக்கு வேண்டாம்னு தோணுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்ககிட்டயே சண்ட போட்டிருப்பேன். சாமிகிட்ட நான் எப்பிடி சண்ட போட?"

அதற்குமேல் நான் நிற்கவில்லை. ஓடினேன். டீச்சர் வீட்டு வாசலில் கூடை கட்டி வைத்திருந்தார்கள். குட்டியை அதிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒரு மோட்டார் சத்தத்துக்குப் பயந்து அது என் இடது கையைக் கீறிவிட்டது. நான் அழவில்லை. கெலித்துவிட்ட திமிரில் நேராக அப்பாவின் மடியில் கொண்டுபோய் விட்டேன். அவர் அதைத் தள்ளவுமில்லை, தொடவுமில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. என்னிடம் தோற்றதற்குத்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அத்தை முற்றத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. "சாமி ஒண்ணும் சொல்லல. எங்கண்ணன்தான் சொல்லியிருக்கு. நான் சொல்லுதேன், நீங்க வாங்க" என்றாள். வரப்போவது யார் என்றுகூட நான் கேட்கவில்லை. குட்டிக்குப் பால் ஊற்றக் கொட்டாங்குச்சி தேடிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு வந்து அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையையே ரொம்ப நேரம் பார்த்தாள். நாலு மாதமாக என்னோடு அவள் சரியாகப் பேசியதே இல்லை.

"இந்தக் கையில தப்பு இல்லட்டி" என்றாள்.

பூனை கீறியது அந்தக் கையில் இல்லை என்று சொல்லி, நான் இடது கையை நீட்டினேன்.