ஜெபராணி கண்ட சாணி வண்டு

ஆரணியில் ஜெபராணியின் பெயர் தெரியாதவர்கள்கூட, "சாணி கிளறுற டீச்சரம்மா" என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் விரிவுரையாளர். எட்டு ஆண்டுகளாகியும் தற்காலிகம்தான். பின்னால் வந்த ஆண்கள் இருவர் நிரந்தரமாகிவிட்டார்கள். கேட்டால், "உங்க வீட்டுக்காரர்தான் சம்பாதிக்கிறாரே" என்றது நிர்வாகம். ஒரு பெண்ணின் தகுதியை அளக்க அவள் புருஷனின் வேலைதான் இந்த நாட்டில் அளவுகோல்.

ஜெபராணி புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் படவேடு பஸ் ஏறுவார். மாடு மேய்கிற இடங்களில் சாணியைக் குச்சியால் பிரித்து வண்டு பொறுக்குவார். 2001 மழைக்காலத்தில் கிடைத்த கறுப்பு வண்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் சாணி வண்டுகளில் வெளித்தோற்றம் ஏமாற்றும். புது இனம் என்று நிரூபிக்க ஆண் வண்டின் ஆணுறுப்பை வரைந்து காட்ட வேண்டும்.

வரைய வந்தவர் குமரேசன். பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"இன்னா மேடம் இது, கொம்பா?"

"கொம்பு இல்லீங்க. ஆணுறுப்பு."

"ஓகோ." பென்சிலைச் சீவிக்கொண்டார். "இதுக்காவ முந்தானை வேலைய உட்டுட்டு வந்து குந்திகினு இருக்கறேன்."

படங்களை மேசையில் விரித்ததும் துறைத்தலைவர் தனசேகரன் முகம் சுளித்தார். "பசங்க வர்ற இடம். அத மட்டும் உள்ள வைங்கம்மா."

கொம்பு, கால், முதுகு எல்லாவற்றையும் வண்டோடு ஒப்பிட்டுப் பார்த்த ஜெபராணி, அந்த ஒரு படத்தை மட்டும் கூச்சத்தில் ஒப்பிடாமலே உறைக்குள் போட்டு ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார்.

கட்டுரை திரும்பி வந்தது. உறுப்பின் படத்தில் எந்த வேறுபாடும் இல்லை, இது ஏற்கெனவே தெரிந்த இனம்தான் என்றார்கள்.

ஜெபராணி படத்தை எடுத்து வண்டின் பக்கத்தில் வைத்தார். வண்டின் உறுப்பில் இடது மடல் நீண்டு வளைந்திருந்தது. மற்ற ஆண் வண்டுகளிலும் அப்படியே. படத்திலோ இரு மடல்களும் ஒரே அளவு. குமரேசனைக் கூப்பிட்டார்.

"கோணலா இருந்துச்சுங்க. ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேன். சேலையில புட்டாவெல்லாம் பாதி போட்டு, மீதியத் திருப்பிப் போடறதுதானே? நானே சரி பண்ணிட்டேன்."

"அந்தக் கோணல்தாங்க புது இனம்."

"அடப்பாவமே. இனத்தையே அழிச்சிட்டனா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அவர் தொழில் பழக்கம் செய்த தவறு அது. அந்தப் படத்தையும் விரித்து வைத்து ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். விரிக்க விடாதது வெட்கம். உடம்பில் ஒரு பாகத்தை அசிங்கம் என்று ஒதுக்குகிற புத்திதான் மனிதர்களிலும் சிலரை ஒதுக்கிவைக்கிறது.

இந்த முறை துறை மேசையின் நடுவிலேயே வரைந்தார்கள். தனசேகரன் தொண்டையைச் செருமினார். "உள்ள வெச்சதாலதான் சார் திரும்பி வந்துச்சு" என்றார் ஜெபராணி, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

2003இல் புது இனமாகவே அச்சானது. கீழே, "படங்கள்: குமரேசன், ஆரணி." படங்கள் உள்ள இரண்டு பக்கங்களையும் பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னது நிர்வாகம். வேலை மட்டும் இன்னும் தற்காலிகம்தான். அந்தச் சண்டையை ஜெபராணி விடவில்லை.

தனசேகரன் இரண்டு பிரேம்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மொதல் பக்கம் மட்டும் மாட்டலாம்மா. முழு வண்டு, அழகா இருக்குது."

"அதுல வெறும் சாணி வண்டுதான் சார் இருக்குது. புது இனம் ரெண்டாவது பக்கத்துல."

அவர் பியூனிடம் இன்னொரு ஆணி கேட்டார்.