குஞ்சம்மாள் போடாத முடிச்சு

குஞ்சம்மாள் கட்டிய எதையும் குழந்தைகூட ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடும். ஆடு, மாடு, விறகுக்கட்டு, புளிமூட்டை எதுவானாலும் உருவாஞ்சுருக்குத்தான். நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கயிறு கையோடு வந்துவிடும். கச்சிராயபாளையம் சந்தைக்குப் போகிற வழியில் அவள் மூட்டை எத்தனையோ தடவை நடுரோட்டில் கொட்டியிருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அள்ளிக்கொண்டு நடப்பாள்.

சும்மா வந்த பழக்கமா அது? ஒரு தை மாதம் பக்கத்துக் கொல்லையில் கரும்புச் சோகை கொளுத்தினார்கள். காற்று திரும்பி, நெருப்பு இவள் மாட்டுக் கொட்டகைக்குத் தாவியது. அன்று மாட்டைக் கட்டியவன் புருஷன் முனியன். போட்டது குருட்டு முடிச்சு. மாடு திமிறத் திமிற அது இறுகிக்கொண்டே போனது. நகம் பிய்ந்து ரத்தம் கொட்டும்வரை குஞ்சம்மாள் பிடுங்கிப் பார்த்தாள். அறுத்துவிடலாமென்றால், பாழாய்ப்போன அரிவாள் ஒன்றுகூட அந்த நேரத்தில் கைக்கு அகப்படவில்லை. கூரை விழுவதற்குள் அவளை மட்டும் வெளியே இழுத்துப் போட்டார்கள். மாடு உள்ளேயே கத்தி ஓய்ந்தது. அதற்கப்புறம் முனியன் அவள் கண்ணெதிரே ஒரு முடிச்சும் போட்டதில்லை.

அவளுக்குப் போய், கூலிக்கு இறங்கிய தனசேகரன் கிணற்றில் அந்தக் கதி வரவேண்டுமா! தூர் வாரி முடித்து மற்றவர்கள் ஏறிவிட்டார்கள், அவள்தான் கடைசி. ஏறுவதற்குப் படியில் கால் வைத்தாள். மழையில் ஊறியிருந்த சுவர் படிக்கல்லோடு சரிந்தது. தொடைவரை சேறு. அண்ணாந்தால் வட்டமாகக் கொஞ்சம் வானம். சுவரிலிருந்து மண் விட்டுவிட்டு உதிர்ந்தது. இன்னொரு சரிவு வந்தால் அங்கேயே சமாதிதான்.

மேலிருந்து வடக்கயிறு வந்தது.

"இடுப்புல சுத்திக் கட்டிக்க குஞ்சு!" என்று முனியன் கத்தினான்.

கட்டிக்கொண்டாள். அந்தப் பதற்றத்திலும் கை தானாகப் போட்டது உருவாஞ்சுருக்கு. ஆள் உயரம்கூடத் தூக்கியிருக்க மாட்டார்கள், துருத்திக்கொண்டிருந்த கல்லில் நுனி மாட்டி இழுபட்டு, முடிச்சு உருவிக்கொண்டது. தொப்பென்று சேற்றில் விழுந்தாள். கூடவே பொலபொலவென்று மண்.

"யோவ், எனக்கு வேற கட்டத் தெரியலியே!" என்று அழுதாள்.

கயிறு மேலே போய்த் திரும்பி வந்தது. இந்தத் தடவை நுனியில் வளையம் போட்டிருந்தது. முடிச்சைத் தடவிப் பார்த்தவள் தீயைத் தொட்டதுபோல் கையை உதறினாள். குருட்டு முடிச்சு.

"இது வாணாம்யா! மாட்டிக்கினா அவுக்க முடியாது. நான் இங்கியே கெடக்கறேன்."

"அவுரக் கூடாதுன்னுதான் போட்டேன். கக்கத்துல மாட்டிக்க புள்ள. மேல வந்துடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இடுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கல் பெயர்ந்து விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக்கொண்டாள்.

கயிறு நெஞ்சை இறுக்கியது. மூச்சு முட்டியது. சேற்றில் நின்றபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. பாதியில் இழுப்பவர்கள் கை மாற்ற, அந்தரத்தில் நின்றாள். சோகை எரிகிற நாற்றம் மூக்கில் ஏறியது. மாடு இப்படித்தானே திமிறியிருக்கும்? நகத்தால் முடிச்சைப் பறண்டிக்கொண்டு, "அவுத்துவுடு! யோவ், அவுத்துவுடுய்யா!" என்று அலறினாள்.

கிணற்று மேட்டில் இழுத்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம் அவள் தோளைப் பிடித்துக் கரையில் போட்டான். வடம் இழுத்தவர்களில் முனியன் இல்லை. அவன் ஓரமாக அரிவாளோடு நின்றிருந்தான். அவள் கால் தரையில் பட்டதோ இல்லையோ, கயிற்றுக்கும் புடவைக்கும் நடுவே அரிவாளை விட்டு ஒரே அறுப்பு. கயிறு துண்டாகி விழுந்தது.

"இன்னாடா முனியா, புது வடம்டா! மெதுவா அவுத்திருக்கலாமில்ல?" என்றார் தனசேகரன்.

"அதுக்கு நேரம் ஆவுங்க" என்றான் முனியன். அப்படியே அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, பத்துப் பேர் பார்க்க வாய்விட்டு அழுதான். "அன்னிக்கி இது கையில இல்லாம போச்சே குஞ்சு."

குஞ்சம்மாள் அவன் கையிலிருந்து அரிவாளை வாங்கிக் கீழே வைத்தாள்.