கிளியனூர்ப் பெட்டி

அன்புச்செல்வன் மகா பிடிவாதக்காரர். திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் அவரும் நானும் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தோம். பல ஊர்களில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும்போது, ஒன்று பேச்சை நிறுத்தினால், அது செத்துவிட்டதென்று மற்றவை எப்போது முடிவு செய்யலாம்? இதுதான் எங்கள் ஆராய்ச்சி. கல்லூரியில் கம்ப்யூட்டர் கேட்டுக் கெஞ்சி அலுத்துப்போய், தெரிந்தவர் வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை ஓடவிட்டோம். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு ஒரு தரம் மற்றவற்றுக்கு "இருக்கேன்" என்று சொல்லும். தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சண்டை போட்டவர் அவர்.

மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகும், கிளியனூரில் அவர் வீட்டுப் பெட்டி "இருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் என் வீட்டுத் திரையில் அதைத் தினமும் பார்த்தேன். அவர் மனைவி புனிதா அதை அணைக்கவே இல்லை.

மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசி நாள் நெருங்கியது. மற்றவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் தலைமைப் பெட்டி அவருடையதுதான். அது போனால் மற்றவை என்ன செய்யும் என்று காட்டாமல் கட்டுரை முடியாது. கிளியனூர் போய்ப் புனிதாவிடம் சொன்னேன்.

"நீங்களே புடுங்கிடுங்கக்கா," என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிளக்கைப் பிடுங்கினேன். மற்ற பெட்டிகள் விதிப்படி காத்திருந்து, கிளியனூர் இறந்ததாக அறிவித்தன. பிரமாதமான முடிவு. என் தலையெழுத்து.

அவர் பெயரையும் மெயில் முகவரியையும் முதலில் போட்டுக் கட்டுரையை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் புனிதா போன் பண்ணினாள்.

"அக்கா, அவரு போனுக்கு மாநாட்டுக்காரங்க மெயில் வந்திருக்குது. கட்டுரை எழுதுனது நீங்கதானான்னு கேட்டு, பதில் போடச் சொல்றாங்க. 'இருக்கேன்'னு போட்டுடட்டுங்களா?"