நேற்றைய பாடத்து வாக்கியம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜைக்கு முன்னால் வரும் மஹாலயா அமாவாசைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலையில் இது நடந்தது. இடம், கொல்கத்தாவில் டாக்குரியா ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் வீட்டின் முதல் மாடி. நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பது என் பழக்கம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தெற்குக் கொல்கத்தாவில் எந்தத் தமிழ்க் குடும்பம் எந்த வருடம் வந்து குடியேறியது என்று வீடு வீடாக விசாரித்து எழுதிக்கொண்டிருந்தேன். பால் வராத நாள், கரண்ட் போன நேரம், எல்லாவற்றுக்கும் என்னிடம் குறிப்பு உண்டு. "நான் தும்மினாக்கூட எழுதி வெச்சுடுவார்" என்று சொல்லி என் மனைவி விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பாள்.

அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு, ரத யாத்திரைக்கு மறுவாரம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தாள். வலது கையும் பேச்சும் போய்விட்டன. குரல் இருந்தது, சொற்கள்தான் இல்லை. தண்ணீர் டம்ளரைப் பார்ப்பாள். அது என்னவென்று தெரியும், பெயர் வராது. தமிழில் மிஞ்சியது "போங்க" என்ற ஒரே சொல். காபி நன்றாக இருந்தாலும் "போங்க", டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் "போங்க". முதல் சில நாட்கள் இருவரும் சேர்ந்து சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கத் தமிழ் தெரிந்தவர் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வந்தது ஒரு வங்காளிப் பெண். வங்காளத்தில் தொடங்கலாமா, ஆங்கிலத்திலா என்று இரண்டு அட்டைகளை நீட்டிக் கேட்டாள். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த என் மனைவி இடது கையால் ஆங்கில அட்டையைத் தட்டினாள். அப்படித்தான் அறுபத்திரண்டு வயதில் அவள் ஆங்கிலச் சொற்களை முதலிலிருந்து கற்கத் தொடங்கினாள்.

முறை எளிதுதான். நான் ஒரு சொல்லின் விளக்கத்தை ஆங்கிலத்தில் படிப்பேன். பூட்டைத் திறக்கும் பொருள் என்று படித்தால், அவள் "கீ" என்று சொல்ல வேண்டும். பிறகு அதை வைத்து, "தி கீ இஸ் ஆன் தி நெயில்" என்பதுபோல் ஒரு வாக்கியம். வாரம் இரண்டு நாள் அந்தப் பெண் வருவாள். மற்ற நாட்களில் நானே வாத்தியார்.

"வாக்கியம் எல்லாம் நீங்களே எழுதுங்க, மேஷோமஷாய்" என்றாள் அந்தப் பெண். எங்கள் பேச்சு எப்போதும் வங்காளத்தில்தான்; நான் அவளுக்கு மேஷோமஷாய், அதாவது சித்தப்பா, என் மனைவி மாஷிமா, சித்தி. "மாஷிமாவுக்கு வீட்டில நிஜமாவே தேவைப்படற வாக்கியமா இருக்கட்டும். புஸ்தகத்தில இருக்கறதைச் சொல்லி அவங்க என்ன பண்ணப்போறாங்க?"

இன்னொன்றும் சொல்லிவைத்தாள். இந்த நோயில் முந்தைய கேள்விக்குச் சொன்ன விடையே திரும்பத் திரும்ப வரும். கோபப்படாமல் அடுத்ததற்குப் போக வேண்டும்.

நான் எழுதினேன். தண்ணீர் வேண்டும், ஃபேனைக் குறையுங்கள், பாத்ரூம் போக வேண்டும். ஒரு நோட்டில் பாடத்தின் எண், தேதி, அவள் சொன்னது, சொன்ன நேரம், அதற்கு எதிரே டிக் அல்லது பெருக்கல் குறி.

திங்கட்கிழமை முப்பத்தேழாவது பாடம், உடலின் பாகங்கள். "செஸ்ட்" என்ற சொல்லுக்கு நான் எழுதியிருந்த வாக்கியம் "மை செஸ்ட் ஹர்ட்ஸ்". சொல்லும்போது அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டும் என்பதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். அன்று அவளுக்கு வரவில்லை. "மை... மை..." என்று நின்றுவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முப்பத்தெட்டாவது பாடம், வீட்டுச் சாமான்கள். மழையில் நனையாமல் இருக்கப் பிடித்துக்கொள்வது என்று படித்தேன். அவள் இடது கையை மார்பில் வைத்து, "மை செஸ்ட் ஹர்ட்ஸ்" என்றாள்.

யாருடைய உதவியும் இல்லாமல் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

"அடேயப்பா, வந்துடுச்சு பாரு!" என்றேன். "ஆனா அது நேத்திக்குப் பாடம்மா. இன்னிக்குக் குடை. குடைக்கு என்ன?"

"போங்க" என்றாள்.

நேரம் பத்து பன்னிரண்டு என்று குறித்தேன். குடைக்கு எதிரே பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'நேற்றைய வாக்கியம் முழுமையாக வந்தது' என்று எழுதினேன். பத்து இருபதுக்கு மறுபடியும் அதையே சொன்னாள். நெற்றி வியர்த்திருந்தது. பூஜைக்கு முந்தைய புழுக்கம் என்று நினைத்து ஃபேனைக் கூட்டினேன். "குடையை மட்டும் சொல்லிடு, இன்னிக்கு விட்டுடறேன், சரியா?" என்று குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினேன். பத்து முப்பத்தொன்றுக்கு மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டு, என் மடியிலிருந்த நோட்டைத் தட்டிவிட்டாள்.

கோபம் வந்துவிட்டது என்று எண்ணினேன். நோட்டை எடுத்து அதையும் எழுதிவிட்டுப் பாடத்தை முடித்தேன். பத்து நாற்பதுக்கு, நல்ல செய்தியைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன்.

"மூணு தடவை சொல்லிட்டாங்க, ஒரு தப்புகூட இல்லை!"

அவள் குரலில் சந்தோஷம் இல்லை. "மேஷோமஷாய், கத்துக்கிட்டதைச் சொன்னாங்களா, இல்லே நிஜமாவே வலிக்குதா? கேட்டுப் பார்த்தீங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாள். உதடுகள் வெளுத்திருந்தன. கை இன்னும் மார்பிலேயே இருந்தது.

கீழ்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பூஜைப் பந்தலுக்காக மூங்கில் நட்டிருந்த சந்துக்குள் வண்டி நுழைய முடியவில்லை. "அண்ணா, நாற்காலியோட முன்காலைப் பிடிங்க, தூக்குங்க!" என்று அவர் கத்த, அவளை அப்படியே தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

"பத்து பன்னிரண்டுக்கு."

எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "எல்லாரும் காலையிலேருந்துன்னுதான் சொல்வாங்க. உங்களுக்கு நிமிஷம் எப்படித் தெரியும்?"

"எழுதி வெச்சிருக்கேன்" என்றேன்.

மாரடைப்பு என்றார்கள். அரை மணி முன்னால் வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று பிற்பாடு பலரும் ஆறுதல் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அரை மணியில் நான் என்னென்ன செய்தேன் என்பது என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் மாஸ்க். கண் திறந்திருந்தது. குனிந்து, "இப்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று மெதுவாகத் தலையை அசைத்தாள். விடை எனக்கே தெரியாத ஒரு கேள்வியை, அத்தனை பாடங்களுக்கும் பிறகு, அப்போதுதான் முதன்முதலாக அவளிடம் கேட்டிருக்கிறேன். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்தபின் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "பழைய விடையே வரும், அடுத்ததுக்குப் போங்கன்னு சொன்னது நான்தானே" என்று வாசலில் நின்றே அழுதாள்.

"நீ எங்கேயோ இருந்துக்கிட்டு ஃபோன்லயே கேட்டுட்டியேம்மா" என்றேன். "நான் எதிர்ல உக்காந்துக்கிட்டு கேக்கலை."

இப்போது என் மகள் பெங்களூரிலிருந்து பேசும்போது, "லேசாத் தலைவலிப்பா" என்று சொன்னால்கூடக் கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், சாப்பிட்டாயா என்று நான் துளைப்பதில் அவளுக்குச் சலிப்புதான். சலித்துக்கொள்ளட்டும். அவள் அம்மா தனக்கு வேண்டிய வாக்கியத்தைப் பிழையில்லாமல் கற்றுக்கொண்டு, வேண்டிய நேரத்தில் மூன்று முறை சொன்னாள். அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த நான் கற்றிருக்கவில்லை.