எங்கள் கட்சியின் தீர்மானமும் ஒன்பது மா நிலமும்

மாயவரத்தில் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துக்கொடுத்த வகையில்தான் என் அப்பா அரசியலுக்கு வந்தார். அளவெடுக்கும்போது அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் தொடங்கிய கட்சியில் தானும் சேர்ந்துவிட்டார். ஒரு பக்கம் ஆளுங்கட்சி, இன்னொரு பக்கம் செங்கொடி, நடுவில் இது. எந்த மனிதனும் இன்னொருவனுக்கு அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, எவனும் பட்டினி கிடக்கவும் கூடாது என்பது கொள்கை. எங்கள் ஊர்க் கிளையில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுக்கான கொடிகளை அப்பாவே தைத்தார். ஊரில் அதற்குத் தையக்காரர் கட்சி என்றே பெயர்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் கட்சி ஒரு தீர்மானம் போட்டது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் உறுப்பினர்கள், உழுகிறவர் பெயரைத் தாலுகா ஆபீசில் தாங்களே முன்வந்து பதிவு செய்ய வேண்டும். பதிவாகிவிட்டால் அவரை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது. சட்டம் முன்பே வந்துவிட்டது; செய்வதற்குத்தான் ஆள் இல்லை. எங்கள் கிளையில் தீர்மானத்தை வாசித்தபோது பதினோரு பேரும் கைதட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள். அந்த நாலு பேரில் நிலம் உள்ளவர் அப்பா ஒருவர்தான்.

"சொன்னா செய்யணும். இல்லேன்னா கொடியைப் பிரிச்சுக் கால்சட்டை தெச்சுக்கலாம்" என்றார் அப்பா.

எங்களுக்கு வாய்க்காலை ஒட்டி ஒன்பது மா இருந்தது. அதாவது மூன்று ஏக்கர். முருகையன் என்பவர் குத்தகைக்கு உழுதார். அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனாரும் அதைத்தான் உழுதவர். நிலத்தில் உழுகிறவராக அவர் பேரை எழுத வேண்டும், நாளைக்குத் தாலுகா ஆபீசுக்கு வரச் சொல் என்று அப்பா என்னை அனுப்பினார். வரப்பு நெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே முருகையனோடு ஏழெட்டுப் பேர் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது. கேட்டதை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அப்பா நெலத்தை எழுதி வாங்கணுமாம். நாளைக்குத் தாலுகா ஆபீசுக்கு வருவீங்களாம்."

எங்கள் பக்கத்தில் எழுதி வாங்குவது என்றால் ஒன்றுதான். நிலத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று குத்தகைக்காரரிடம் கைநாட்டு வாங்கி வெளியே அனுப்புவது. எழுதுவதற்கும் எழுதி வாங்குவதற்கும் இவ்வளவு தூரம் உண்டென்று எனக்குத் தெரியாது. முருகையன் கையிலிருந்த நாற்றுமுடியைக் கீழே போட்டார்.

மறுநாள் அப்பா படிவத்தோடு மத்தியானம்வரை தாலுகா ஆபீசில் காத்திருந்துவிட்டு வந்தார். பார்த்தால், எங்கள் வயலில் நாலு செங்கொடி ஊன்றியிருந்தது. முருகையன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடு வயலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருடைய ஆட்கள். வேடிக்கை பார்க்க வந்த ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளைவிட்டு இறங்காமலே கேட்டார்: "என்ன தையக்காரரே, நீங்களும் பெரிய பண்ணை ஆயிட்டீங்க போலிருக்கு?"

அப்பா எவ்வளவோ விளக்கினார். யாரும் நம்பவில்லை. படிவத்தை நீட்டினார். முருகையன் தொடவில்லை. தன் மாமனாரிடமும் நல்லதுதான் எழுதியிருக்கிறது என்று சொல்லித்தான் கைநாட்டு வாங்கினார்கள் என்றார். கொடி ஊன்றியவர்களில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆளுங்கட்சிக்காரர் தான் படித்துக் காட்டுவதாகச் சொன்னதற்கு ஒரு பெண் சேற்றில் காறித் துப்பினாள். அப்பா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வேட்டியோடு சேற்றில் இறங்கி முருகையனுக்கு எதிரே உட்கார்ந்தார். இதை முருகையன் நம்பாமல் தான் வீட்டுக்குப் போவதில்லை என்றார். வெயில் சாயும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

கடைசியில் முருகையன் வரப்பில் நின்ற என்னைக் காட்டினார். "தம்பி படிக்கட்டுங்க. அதுக்கு மாத்திச் சொல்லத் தெரியாது."

வகுப்பில் வாயே திறக்காதவன் நான். படிவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தேன். அனுபோகம் என்ற சொல்லில் மூன்று முறை தடுக்கி விழுந்தேன். அப்பா எடுத்துக்கொடுக்கவில்லை, எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். நிலத்தின் எல்லைகளைச் சொல்லி, அதில் சாகுபடி செய்துவருபவர் முருகையன் என்று படித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை இன்னொரு தரம் படிங்க தம்பி."

படித்தேன். எங்கே இருக்கிறது என்றார். காட்டினேன். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். சேறு பட்டது. அந்தப் படிவத்தை வாங்க முடியாது என்று குமாஸ்தா மறுநாள் திருப்பி அனுப்பினார். அப்பா வேறு எழுதிக் கொண்டுபோனார். அது சரியில்லை, இது சரியில்லை என்று அலையவிட்டார்கள். ஆறாவது நடையில் பதிவாயிற்று.

பிறகு மாயவரத்து வக்கீல்களில் பாதிப் பேர் ஆளுங்கட்சிக்குப் போனார்கள். மீதிப் பேர் தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்தார்கள். எங்கள் ஊரில் கட்சி என்று அப்பா ஒருவர் மிஞ்சினார். அந்தத் தீர்மானத்தின்படி வேறு எங்காவது ஒரு குழி நிலம் பதிவானதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதைச் சொல்லி யாராவது கேலி செய்தால், "ஒண்ணு ஆச்சுல்ல" என்பார் அப்பா.

படிவம் படித்த அன்று சாயங்காலம் வயலிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்து, பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்று உரக்கப் படித்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோறு போட்டுவிட்டு, "தப்பில்லாமப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அப்பாவின் தையல் கடையில் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். அந்த ஒன்பது மாவை விற்றுத்தான் என்னை மேலே படிக்கவைப்பதாக இருந்தார்கள் என்பதும், குத்தகைக்காரர் பெயர் ஏறிய நிலத்தை எவரும் வாங்கமாட்டார்கள் என்பதும், வயலில் நின்று படித்தபோது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.